சொந்தக் கையால் செய்த கைப்பிடி

த்ருபெஷோவ் துப்பாக்கி சுடும் கிளப்பின் பதினான்காவது விதி இது: "ஒவ்வொரு உறுப்பினரும் தமது பிஸ்டலின் கைப்பிடியைத் தமது சொந்தக் கையால் செதுக்கியிருக்க வேண்டும்." பதின்மூன்றாவது விதி, தோட்டாக்களைப் பத்திரமாகப் பூட்டி வைப்பது பற்றியது. அதை யாரும் மனப்பாடமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பதினான்கை மட்டும் எங்கள் தலைவர் க்ரூபிச்கா ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நாங்களும் எழுந்து நிற்போம். பீர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும்.

என் பெயர் லுமீர் பசேக். எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ரயில் தாமதமானதற்கு இருபத்திரண்டு வருடங்களாக மன்னிப்புக் கேட்டு வருகிறேன். குரல் நன்றாக இருக்கிறது என்பார்கள். கைகளைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

செக் நாட்டுக்காரனுக்குத் தங்கக் கை என்று எங்கள் ஊரில் குழந்தைகூடச் சொல்லும். பக்கத்துத் தோட்ட வீட்டுக்காரர் பழைய சலவை இயந்திரத்தில் படகு செய்தார். அது மிதக்கவும் செய்கிறது. எங்கள் தோட்ட வீட்டில் கூரை, குழாய், மின்சாரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது என் மனைவி ஹெத்விகா. நான் டார்ச் பிடிப்பேன். அதையும் தப்பான திசையில் பிடிப்பதாக அவள் சொல்கிறாள். ஆனாலும் அக்கம்பக்கத்தில் மானம் போகக் கூடாதே! சனிக்கிழமை தோறும் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே கேட்கும்படி ஒரு பலகையில் சுத்தியலால் அடிப்பேன். பதினொரு வருடங்களாக அதே பலகை.

கிளப்பில் மூன்று வருடங்களாக எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த பொறுப்பு, இலக்கு அட்டையில் மற்றவர்கள் போட்ட ஓட்டைகள் மேல் வட்டக் காகிதம் ஒட்டுவது. சுடுவதென்றால் கிளப்பின் பொதுப் பிஸ்டலில், எல்லாரும் சுட்டு முடித்த பிறகு. இந்த ஆகஸ்டில் அணியின் ஐந்தாவது ஆள் ப்ர்னோ நகரத்துக்குக் குடிபோனார். தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"பசேக், உனக்கு வாய்ப்பு வந்திருக்கு. சொந்தமா பிஸ்டல் வாங்கு. கைப்பிடியைச் செதுக்கி அக்டோபர் பரீட்சைல காட்டு. ஆணையம் பாஸ் போட்டா ஐந்தாவது ஆள் நீதான்."

"போடலைன்னா, தலைவரே?"

"போடலைன்னா என் மருமகன். அவன் வேணாம்னுதான் சொல்றான். ஆனா நாங்க கேட்க மாட்டோம்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஐம்பத்தாறு வயது வரை எந்த அணியிலும் எந்த ஆளாகவும் இருந்ததில்லை நான். மறுவாரமே கடனை உடனை வாங்கிப் பந்தயப் பிஸ்டல் ஒன்றை வாங்கிவிட்டேன். என் கை குட்டைக் கை. விரல்கள் தடிமன். அந்தப் பிஸ்டலின் கைப்பிடியோ நீளமான விரல் உள்ள யாரோ ஒரு புண்ணியவானுக்காகச் செய்தது. பிடித்தால் நழுவியது.

பரீட்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைப்பிடி ஆணையத்தில் மூன்று பேர். தலைவர் க்ரூபிச்கா, ஓய்வு பெற்ற தொழிற்பள்ளி முதல்வர். செயலாளர் வாவ்ரா, நிலப்பதிவு அலுவலகத்தில் வேலை. தொழில்நுட்ப உறுப்பினர் ஷிமாசெக், பல் டாக்டர். பச்சைத் துணி விரித்த மேஜையில் பிஸ்டலை வைக்க வேண்டும். டாக்டர் கைப்பிடியை மோந்து பார்ப்பார், ஆளிவிதை எண்ணெய் பூசியிருக்கிறதா என்று. வாவ்ரா நம் உள்ளங்கையைத் திருப்பிக் கொப்புளம் தேடுவார். கைப்பிடியைச் செதுக்கிய மரச்சுருளை ஊறுகாய் ஜாடியில் போட்டு, பெயரும் தேதியும் ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். கடைசியில் தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "செதுக்கும்போது என்ன நினைத்தாய்?" தாய்நாட்டை நினைத்தேன் என்பது சரியான விடை. தாத்தாவை நினைத்தேன் என்றால் பாதி மதிப்பெண்.

நானும் முயன்றேன். நான் முயலவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். வால்நட் மரக்கட்டை, மூன்று விதமான அரம், உப்புத்தாள் எல்லாம் வாங்கிக் கொட்டகைக்குள் போனேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கட்டை, யாரோ கடித்துவிட்டுப் போட்ட மக்காச்சோளக் கதிர் மாதிரி ஆகியிருந்தது. என் கட்டைவிரலிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

ஹெத்விகா கட்டுப் போட்டுவிட்டாள். "கொடு, நான் செதுக்கித் தரேன்," என்றாள்.

"அது விதி பதினாலுக்கு விரோதம்."

"அப்ப மெக்கானிக்கிட்ட கொண்டு போ."

"மெதுவாப் பேசு! ஜன்னல் திறந்திருக்கு."

ஆனால் அவள் சொன்னதுதான் வழி. துப்பாக்கி மெக்கானிக் ஒருவரைத் தேட ஆரம்பித்தேன். அது எப்படிப்பட்ட காரியம் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிஸ்டல் வாங்கின கடையில் விசாரித்தேன். கடைக்காரர் கவுன்டருக்கு மேல் குனிந்து, "மெக்கானிக்கா? கைப்பிடிக்கா? சார், உங்களுக்குக் கைல ஏதாவது வியாதியா?" என்று அனுதாபத்தோடு கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்லித் தொலைத்தேன். "அப்ப நீங்களே பண்ணிடலாமே," என்றார்.

செயலாளர் வாவ்ராவிடம் பட்டும் படாமலும் கேட்டேன்: யாராவது, எங்கேயாவது, யாருக்காவது கைப்பிடி செய்து கொடுக்கிறவர் இருப்பதாகக் கேள்விப்பட்டதுண்டா? அவர் தன் பிஸ்டலை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தது கைப்பிடி. "பதினாறு ராத்திரி, பசேக். என் பெண்டாட்டி விவாகரத்து கேட்டா. நான் அரத்தைக் கீழ வைக்கலை," என்றார். அவர் மனைவியை எனக்குத் தெரியும். பதினாறு இரவு வாவ்ரா வீட்டில் இருந்ததாக அந்த அம்மா ஒருபோதும் சொன்னதில்லை.

பல் டாக்டரிடம் கேட்பதற்காகவே ஒரு நல்ல பல்லைக் காட்டப் போனேன். வாயைத் திறந்த நிலையில் கேட்டதால் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கருவியைக் கீழே வைத்தார். "மெக்கானிக்கிட்ட போறவன் நாளைக்குச் சுடவும் ஆள் வைப்பான்," என்றார். பல்லையும் பிடுங்கிவிட்டார்.

விலாசம் கிடைத்தது தற்செயலாக. செப்டம்பர் நடுவில் ஒரு வியாழக்கிழமை, தலைவரின் பிஸ்டலைத் துடைத்து வைக்கும் கௌரவம் எனக்கு அளிக்கப்பட்டது. துடைத்தேன். திருகாணி தளர்ந்திருக்க வேண்டும், கைப்பிடி கழன்று என் கையோடு வந்துவிட்டது. என் கை பட்டால் எதுவும் கழலும் என்பதால் நான் ஆச்சரியப்படவில்லை. ஆனால் அதன் உட்பக்கத்தில் ஒரு முத்திரை இருந்தது: "ட்ரா. போக்டாலோவா, மாலா வோல்ஷினா, வீட்டு எண் 7." பக்கத்தில் பென்சிலால், "பெருவிரல் பக்கம் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்."

என் புத்தியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே வியப்பாக இருக்கிறது. தலைவர் மரம் வாங்குகிற இடம் போலிருக்கிறது, அங்கே போய் நல்ல கட்டை வாங்கினால் நமக்கும் செதுக்க வரும் என்று நான் நினைத்தேன். கைப்பிடியைப் பழையபடி மாட்டிவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்து, கட்டையை அளந்து பார்க்கப் பிஸ்டல் பெட்டியோடு பஸ் ஏறினேன்.

மாலா வோல்ஷினா அறுபது கிலோமீட்டர். ஒரே ஒரு பஸ் போகும், அதே பஸ் நாலரைக்குத் திரும்பும். ஏழாம் எண் வீட்டு வாசலில் பலகை எதுவும் இல்லை. கதவைத் தள்ளினால் சின்னக் காத்திருப்பு அறை. ஆணியில் எண் போட்ட அட்டைகள் தொங்கின. நான்காம் எண்ணை எடுத்துக்கொண்டு திரும்பினேன். பெஞ்சில் வரிசையாகத் தலைவர் க்ரூபிச்கா, செயலாளர் வாவ்ரா, டாக்டர் ஷிமாசெக் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் மூன்று கார்களில் வந்து, மூன்று வெவ்வேறு தெருக்களில் நிறுத்தியிருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்துத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நான் காளான் பொறுக்க வந்தேன்," என்றார். மடியில் ஒரு கூடை, அதன்மேல் கட்டம் போட்ட துணி. "கத்தி மொக்கையாயிருந்தது. சாணை பிடிக்கலாம்னு."

மூன்று வாரமாக மழையே இல்லை. காட்டில் ஒரு காளான்கூட முளைத்திருக்காது.

"நானும் கத்திதான்," என்றார் வாவ்ரா அவசரமாக. "ரொட்டிக் கத்தி."

"எனக்குப் புல் வெட்டுற பிளேடு," என்றார் டாக்டர். அவர் இருப்பது நான்காவது மாடியில்.

உள்கதவு திறந்தது. கறுப்பு ஏப்ரனும் நெற்றியில் ஏற்றிய கண்ணாடியுமாக ஐம்பது வயதுப் பெண்மணி. அவர்தான் போக்டாலோவா. தலைவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க தலைவரே! மறுபடி திருகாணி லூசாயிடுச்சா?"

"காளான் கத்திம்மா!" என்றார் தலைவர், அறையே அதிரும்படி. "காளான் கத்தி மட்டும்தான்!"

போக்டாலோவா பெஞ்சில் இருந்த மற்றவர்களை ஒரு பார்வை பார்த்தார். இப்படிப்பட்ட பெஞ்சை அவர் முன்பும் பார்த்திருக்க வேண்டும். கத்தியை வாங்கிப்போய்ச் சாணை பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு வாவ்ராவின் ரொட்டிக் கத்தி. பிறகு டாக்டரின் பிளேடு. வேலை முடிந்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை. மற்ற இருவரும் முதலில் போகட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்.

"நாலாம் நம்பர்! உங்களுக்கு என்ன சாணை?"

எனக்கும் பொய் சொல்லத்தான் ஆசை. ஆனால் முன்யோசனை கிடையாதே! கையில் ஒரு பேனாக்கத்திகூட இல்லை. இருந்தது பிஸ்டல் பெட்டி மட்டும்.

"கைப்பிடி," என்றேன். ரயில் நிலையக் குரலில் வந்துவிட்டது. தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

தலைவர் மெல்ல எழுந்தார். கூடையைப் பெஞ்சில் வைத்தார். அதிலிருந்து கனமான ஏதோ ஒன்று 'டொக்' என்றது.

"முப்பது வருஷம்," என்றார். "முப்பது வருஷத்துல இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. ஆணையத்தோட மூணு பேரும் இங்க இருக்கோம். கூட்டத்துக்குத் தேவையான ஆள் இருக்கு. கூட்டம் ஆரம்பிக்கிறேன். வாவ்ரா, எழுதிக்கோ."

வாவ்ரா ரொட்டிக் கத்தி சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்து அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.

"கூட்டம் நடந்த இடம்னு என்ன போடறது, தலைவரே?"

தலைவர் யோசித்தார். "காடு," என்றார். "தோழர்களே, ஒரு மனுஷன் கைப்பிடியை இன்னொருத்தர்கிட்ட கொடுத்துச் செய்யறான்னா அதுக்கு அர்த்தம் என்ன? உழைக்கிறது ஒருத்தர், பேர் வாங்கறது இன்னொருத்தர். இது எங்க போய் முடியும்? நாளைக்கு நம்ம யாரை நம்பறது? என்னையே எடுத்துக்குங்க. என் கைப்பிடியை நீங்க பாக்கறீங்க. ஆனா உள்பக்கத்தைப் பாக்கறீங்களா? பாக்கறதில்ல! ஏன்? நம்பிக்கை! இந்த கிளப்பே அந்த நம்பிக்கைல நிக்குது, யாரும் உள்பக்கத்தைப் பாக்க மாட்டாங்கங்கற நம்பிக்கைல!"

டாக்டர் கைதட்டினார். வாவ்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னை கிளப்பிலிருந்து நீக்குவது என்று மூன்றுக்குப் பூஜ்யம் வாக்கில் முடிவானது. இலக்கு அட்டையில் காகிதம் ஒட்டும் பொறுப்பும் பறிக்கப்பட்டது. நான் தலைகுனிந்து நன்றி சொன்னேன். ஏன் நன்றி சொன்னேன் என்று கேட்காதீர்கள், இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"முடிஞ்சுதா?" என்றார் போக்டாலோவா. "கதவைச் சாத்திட்டு உள்ள வாங்க, குளிருது."

உள்ளே சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் கைகள். ஒவ்வொன்றின் மணிக்கட்டிலும் பெயர்ச்சீட்டு. எங்கள் கிளப் மொத்தமும் அங்கே இருந்தது. தலைவரின் கை மட்டும் மூன்று, வருடா வருடம் பருத்துக்கொண்டே வந்திருந்தது. ப்ர்னோவுக்குப் போன ஐந்தாவது ஆள்கூட ஒரு மூலையில் இருந்தார். களிமண்ணில் என் கையை அழுத்தச் சொன்னார் போக்டாலோவா.

"ஏம்மா, இவங்க ஜாடில மரச்சுருள் கொண்டு வருவாங்களே, அது?"

"அதுவும் நான்தான் தரேன். கைப்பிடியோட இலவசம்."

நாலரை மணி பஸ் போய்விட்டது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் வேலை செய்தார். அரம் மரத்தில் போகும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. கடைசியில் பிஸ்டலை என் கையில் வைத்தபோது அது நழுவவில்லை. என் குட்டை விரல்களுக்கென்று உலகத்தில் முதல் முறையாக ஒரு பொருள் செய்யப்பட்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சுடுவதற்கு கிளப் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்த வாரம் நான் ரயில்களை அறிவித்த விதத்தைக் கேட்டு இரண்டு பயணிகள் புகார் எழுதினார்கள், யாரோ செத்துப்போன மாதிரி இருக்கிறது என்று. வியாழக்கிழமை மாலை எங்கே போவதென்று தெரியாமல் பிளாட்பாரத்திலேயே நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹெத்விகா மாட்டிறைச்சிக்கு க்ரீம் குழம்பு காய்ச்சிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. வாசலில் தலைவர் க்ரூபிச்கா. கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

"இதை வழியில கண்டெடுத்தேன்," என்றார். "ஒரு கைப்பிடி. யாரோடதோ. திருகாணி லூசாயிருக்கு. சனிக்கிழமை பரீட்சைக்கு மாவட்டத்துலேர்ந்து பெரிய தலைவர் வராரு."

"நீங்களே மாலா வோல்ஷினா போயிட்டு வரலாமே, தலைவரே?"

"நான் போய், அங்க அந்த வாவ்ரா உட்கார்ந்திருந்தா? எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. உனக்கு அந்தத் தொந்தரவு இல்ல பாரு. உன் பேர்தான் ஏற்கெனவே போயிடுச்சே."

பதில் சொல்வதற்குள் மறுபடி மணி. தலைவர் வெளிறிப்போனார். நான் வாய் திறப்பதற்குள் எங்கள் பண்டக அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். வந்தது வாவ்ரா. அவரும் ஒரு பொட்டலத்தை வழியில் கண்டெடுத்திருந்தார். கை பருத்துவிட்டதால், அதாவது அந்த யாரோ ஒருவரின் கை பருத்துவிட்டதால், கொஞ்சம் குறைக்க வேண்டுமாம். அவர் பேசி முடிப்பதற்குள் மூன்றாவது மணி. வாவ்ரா குளியலறையில் ஒளிந்தார். டாக்டர் ஷிமாசெக் கண்டெடுத்தது இரண்டாகப் பிளந்திருந்தது. அவருக்குப் பின்னால் யாரும் வரவில்லை. ஆனாலும் மாடிப்படியில் காலடி கேட்டதாகச் சொல்லி, எங்கள் படுக்கையறை அலமாரிக்குள் போய்விட்டார்.

அடுப்படியில் ஹெத்விகா கரண்டியோடு நின்றிருந்தாள். "இப்ப நீ என்ன பண்ணப்போற?" என்றாள்.

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை முன்யோசனையோடு நடந்துகொண்டேன். ஒரு தாளில் தீர்மானம் ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் பண்டக அறைக் கதவைத் தட்டினேன்.

"தலைவரே, எடுத்துட்டுப் போறேன். ஆனா என்னை மறுபடி சேர்த்துக்கணும். ஐந்தாவது ஆளா."

உள்ளே வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடி ஒன்று உருண்டது. "என் ஓட்டு உனக்குத்தான். ஆனா நான் ஒருத்தன் போதுமா? வாவ்ராவும் டாக்டரும் கொள்கைக்காரங்க. ஒத்துக்கவே மாட்டாங்க."

"அவங்க ஒத்துக்கிட்டா?"

"ஒத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல." கதவிடுக்கு வழியாகக் கையெழுத்துப் போட்டார்.

ஆறு காலடி வைத்துக் குளியலறைக்குப் போனேன். "தலைவர் சம்மதிக்க மாட்டாரே பசேக், அவர் கல்லு," என்றார் வாவ்ரா குளியல் தொட்டிக்குள்ளிருந்து. தலைவரின் கையெழுத்தைப் பார்த்ததும் வாய் பிளந்தார், போட்டுவிட்டார். டாக்டர் அலமாரிக்குள் இருட்டாக இருக்கிறது என்று எதையும் படிக்காமலே போட்டார். மூன்றுக்குப் பூஜ்யம். கூட்டம் நடந்த இடம் என்ற வரியில் எங்கள் வீட்டு விலாசத்தை எழுதலாமா என்று யோசித்துவிட்டு, காலியாகவே விட்டேன்.

ஹெத்விகா அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். பிறகு மேஜையில் ஐந்து தட்டுகளை வைத்தாள். குழம்பை ஊற்றினாள், மாவு உருண்டைகளை வெட்டி அடுக்கினாள். நடுக்கூடத்தில் நின்று உரக்கக் கூப்பிட்டாள்.

"தலைவரே! செயலாளரே! டாக்டரே! சாப்பாடு ஆறுது, வெளிய வாங்க!"

ஒரு கதவும் திறக்கவில்லை. மற்ற இருவரும் இருப்பது இப்போது மூவருக்குமே தெரியும். முதலில் வெளியே வருகிறவன்தான் இங்கே வந்ததை ஒப்புக்கொண்டவனாவான்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். ஹெத்விகா என் முகத்தையே பார்த்தாள்.

"இவங்களோடயா நீ நிக்க ஆசைப்படற, லுமீர்? இந்த மூணு பேரோடயா?"

"ஆமா," என்றேன்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது, அதை எங்கே வைத்து மறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒளிகிற இடத்திலெல்லாம் ஆள் இருந்தார்கள். தலைவரின் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து பண்டக அறைக் கதவை மெதுவாகத் தட்டினேன். ஒரு தட்டு நுழையும் அளவுக்கு மட்டும் கதவு திறந்தது.